வடக்கு தெற்காக ஒரு நிறமாற்றம்

முதல் நாள், பழவேற்காட்டு ஏரிக்காற்றில்
தார்ப்பாய் படபடக்க
பத்துப் பேரை நிற்கவைத்துக் கேட்டேன்:
இஸ்லாமியத் தொல்லியலில் எதைத் தேடுவோம்?
பள்ளிவாசல் என்றான் சாபிர்.
மீசான் கல், அரபு எழுத்து, காசு என்றார்கள் மற்றவர்கள்.
தடாவிலிருந்து தினமும் பேருந்தில் வரும் ரமணம்மா மட்டும்
தெலுங்கு ஒட்டிய தமிழில் கேட்டாள்:
“அவங்க சோறு தின்ன சட்டி வேண்டாமா மேடம்?”

நான்குக்கு நான்கு மீட்டர்.
மூலைக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஆணி நூல்.
பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை நிறுத்து,
மண்ணை நனைத்துப் பார், நிறத்தை எழுது.
எழுதாமல் தோண்டினால் திருட்டு.
எழுதித் தோண்டினாலும் அழிப்புதான்;
கணக்கு வைத்து அழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சல்லடையில் நின்றவை:
கிளிஞ்சல். கிளிஞ்சல். மறுபடி கிளிஞ்சல்.
மடவை மீனின் முதுகெலும்பு.
சுண்டுவிரல் நகமளவு நீலப்பச்சை ஓடு,
பாரசீக வளைகுடாப் பக்கம் சுட்டது என்று நினைக்கிறேன்.
“நினைக்கிறேன்” என்பதையும்
பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.
அப்புறம் இருநூற்றுப் பதினான்கு சட்டித்துண்டுகள்,
அடியில் கரி அப்பியபடி.

“இந்தச் சட்டி முஸ்லிமா மேடம்?”
பிலோமினா கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள்.
பதினைந்து வருடமாக என்னிடமும் அதே கேள்வி.
ஒரே சூளை, ஒரே குயவர்.
கோயில் தெருவுக்கு இரண்டு,
பள்ளிவாசல் தெருவுக்கு இரண்டு, குப்பத்துக்கு நான்கு.
சட்டி கலிமா சொல்லாது, திருநீறும் பூசாது.
குப்பைக்குழி எலும்புகளை எண்ணினோம்:
ஆடு, மாடு, கோழி. பன்றி இல்லை.
இல்லாததும் சான்றுதான்.
ஆனால் இல்லாததன்மேல் எவ்வளவு தூரம் நடக்கலாம்?
கோடையில் ஏரி வற்றிய தரையில் நடக்கிற தூரம்.
கால் புதையத் தொடங்கினால் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் இடிந்த பள்ளிவாசலின் மேற்குச் சுவர்.
சாபிர் திசைகாட்டியை வைத்தான். முகம் வாடியது.
மக்காவுக்கு இன்னும் இருபது பாகை வடக்கே போகச் சொல்கிறது
அவன் கைப்பேசி; சுவரோ நேர் மேற்கு.
“தப்பாக் கட்டிட்டாங்க.”
பொறு. அவர்களிடம் சூரியன் விழுந்த இடம் இருந்தது,
யாரோ ஒரு மாலுமி சொன்ன நட்சத்திரம் இருந்திருக்கலாம்.
பிழை என்று எழுதாதே, இருநூற்றெழுபது என்று எழுது.
எழுதினான்.
லுஹருக்கு எந்தப் பக்கம் திரும்பி நின்றான் என்று
நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள், மூன்றாம் குழி, எழுபது சென்டிமீட்டர்.
ரமணம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
மஞ்சள் மணலில் சாம்பல் நிறமாக
வடக்கு தெற்காக ஒரு நீள்சதுரம்.
“தலை வடக்கே, முகம் மேற்கே,” என்றாள்
வகுப்பில் சொன்னதை அப்படியே.
நாடாவை நீட்டினாள்.
நூற்றிரண்டு சென்டிமீட்டர்.

அதற்குப்பின் சல்லடைகூட அசையவில்லை.

ஜமாத் செயலாளர் கச்சி முகம்மது
ஐஸ் தொழிற்சாலையிலிருந்து இறால் வாசனையோடு வந்தார்.
இங்கே அடக்கம் நடந்ததாக அவர்கள் ஏட்டில் இல்லை.
“எத்தனை வருசம் இருக்கும்?”
தோண்டாமல் சொல்ல முடியாது என்றேன்.
“அப்ப தெரியாமலே இருக்கட்டும்.”

ஒரு பல் போதும் மேடம், என்றாள் பிலோமினா காதருகில்,
எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று சொல்லிவிடுமே.
சொல்லிவிடும். எனக்கும் ஆசைதான்.
வரைந்தோம். படமெடுத்தோம்.
வலைத்துணி விரித்து, எடுத்த மணலையே திரும்பக் கொட்டினோம்.

படிவத்தில் மதத்துக்குக் கட்டம் இல்லை. நீளத்துக்கு இருக்கிறது.
ரமணம்மா 102 என்று எழுதி, காலத்தை வெறுமையாக விட்டு,
தடா பேருந்துக்கு ஓடினாள்.
பாதி வழியில் நின்று
செருப்பைக் கழற்றினாள்.
உள்ளே போயிருந்த மணலை
எங்கே உதறுவது என்று
தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.